எஞ்சியிருக்கும் பாதைகள்

1943 மார்ச் 2ஆம் தேதி ஸ்மோலென்ஸ்க் போர்முனையில் லெவ் ஸஸெட்ஸ்கி என்ற 23 வயது சோவியத் படை அதிகாரியின் தலையில், இடது பின்புறத்தில், தோட்டா ஒன்று பாய்ந்தது. போருக்கு முன்பு துலா நகரத்தில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தவர். உயிர் தப்பியது. மருத்துவமனையில் நினைவு திரும்பியபோது அவருடைய உலகம் துண்டு துண்டாகக் கிடந்தது. எதைப் பார்த்தாலும் அதன் வலப்பக்கம் இல்லை. தன் கை எங்கே, கால் எங்கே என்பதே சில நேரம் குழம்பியது. சிறுவயதிலிருந்து படித்துவந்த எழுத்துகள் ஏதோ அயல்நாட்டுக் கிறுக்கல்களாகத் தெரிந்தன. 'அப்பாவின் தம்பி', 'தம்பியின் அப்பா' ஆகிய இரண்டும் ஒரே ஆளா, வேறு வேறு ஆட்களா என்று கேட்டால் திணறிப்போவார். அப்பா யாரென்று தெரியும், தம்பி யாரென்றும் தெரியும். இரண்டையும் சேர்த்துவைத்தால் என்ன பொருள் என்பதுதான் பிடிபடவில்லை.

மே மாதக் கடைசியில் யூரல் பகுதியில் இருந்த மறுவாழ்வு மருத்துவமனைக்கு அவர் வந்து சேர்ந்தார். மூளையில் அடிபட்ட போர்வீரர்களுக்காக அங்கே பணியாற்றிய அலெக்ஸாண்டர் லூரியா என்ற உளவியலாளர் அவரைப் பரிசோதித்தார். அன்று தொடங்கிய உறவு கால் நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது.

ஸஸெட்ஸ்கிக்கு எழுதக் கற்றுக்கொடுப்பது முதலில் பெரும்பாடாக இருந்தது. ஒவ்வொரு எழுத்தின் வடிவத்தையும் மனக்கண்ணில் வரவழைத்து, பிறகு தாளில் வரைய முயன்றார். வரவில்லை. ஒருநாள் மருத்துவர் ஒருவர், எழுத்தெழுத்தாக யோசிக்க வேண்டாம், கையைத் தாளிலிருந்து எடுக்காமல் ஒரே வீச்சில் எழுதிப் பாருங்கள் என்றார். ஸஸெட்ஸ்கி பென்சிலைப் பிடித்து 'ரத்தம்' என்று ரஷ்ய மொழியில் எழுதினார். எழுதிய சொல்லை அவரால் வாசிக்க முடியவில்லை. ஆனால் கை சரியாக எழுதியிருந்தது.

மூளையில் எழுதும் வேலை ஒரே இடத்தில் நடப்பதில்லை. எழுத்தின் வடிவத்தை நினைவுகூர்வதும் அதன் வளைவு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அறிவதும் மூளையின் பின்பகுதியைச் சார்ந்தவை. அங்கேதான் தோட்டா பாய்ந்திருந்தது. நாமோ பள்ளிப் பருவம் தாண்டிய பிறகு அப்படி எழுதுவதில்லை. கையெழுத்துப் போடும்போது எந்த எழுத்துக்குப் பின் எந்த எழுத்து என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. கை தானாக ஓடுகிறது. ஆயிரம் முறை செய்த அசைவுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு ஒரே அசைவாகிவிடுகின்றன. இதை லூரியா 'அசைவின் மெட்டு' என்று அழைத்தார். அந்த மெட்டு பதிந்திருப்பது மூளையின் முன்பக்கம், அசைவுகளை ஒழுங்கு செய்யும் பகுதிகளில். அங்கே தோட்டா போகவில்லை. மருத்துவர் சொன்ன அந்த ஒரு யோசனை, வேலையை அடைபட்ட பாதையிலிருந்து திறந்திருந்த பாதைக்கு மாற்றிவிட்டது.

அதன் பிறகு ஸஸெட்ஸ்கி 25 ஆண்டுகளில் ஏறத்தாழ 3,000 பக்கங்கள் எழுதினார். ஒரு சொல் அகப்பட மணிக்கணக்கில் காத்திருப்பார். நாள் முழுவதும் உட்கார்ந்து அரைப் பக்கம்தான் தேறும். முந்தைய நாள் என்ன எழுதினோம் என்று வாசித்துப் பார்ப்பதே போராட்டம். இருந்தும் மறுநாள் மேசைக்கு வந்துவிடுவார். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளை அவருக்குச் சேதமடையவில்லை. விருப்பம், திட்டம், தன் நிலையைத் தானே அறியும் தெளிவு, விடாப்பிடி ஆகியவற்றுக்கெல்லாம் அதுதான் ஆதாரம். லூரியா அந்தக் குறிப்புகளைத் தன் விளக்கங்களோடு சேர்த்து 1971இல் நூலாக்கினார்.

ஸஸெட்ஸ்கி குணமாகவில்லை. படித்த பொறியியலுக்குத் திரும்பவும் இல்லை. மூளைச் சேதத்தோடு நன்றாக வாழ்வது என்றால் பழைய ஆளாக மாறுவது என்றே பெரும்பாலான குடும்பங்கள் எண்ணுகின்றன. 'முன்ன மாதிரி எப்ப ஆவாரு?' என்பதுதான் மருத்துவரிடம் கேட்கும் முதல் கேள்வி. அந்தக் கேள்வியில் உள்ள தவிப்பு நியாயமானது. ஆனால் அதற்குப் பல நேரம் பதில் கிடைக்காது. பதில் கிடைக்கக்கூடிய கேள்வி வேறொன்று: எது சேதமடையாமல் இருக்கிறது, எதை அதன்மேல் ஏற்றலாம்? இந்த அத்தியாயம் முழுவதும் அந்தக் கேள்வியைப் பற்றியதே.

ஸஸெட்ஸ்கிக்கு நேர் எதிரான ஒருவரின் கதை ஏறக்குறைய எல்லா உளவியல் பாடநூல்களிலும் உண்டு. 1848 செப்டம்பர் 13 அன்று அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் ரயில்பாதைக்குப் பாறை உடைக்கும் வேலையில் மேற்பார்வையாளராக இருந்த ஃபினியஸ் கேஜின் கன்னத்தில் நுழைந்த ஆறு கிலோ இரும்புக் கம்பி, உச்சந்தலை வழியாக வெளியேறியது. பேச்சு, நடை, நினைவு எல்லாம் தப்பின. முன்மூளையின் ஒரு பகுதி போயிற்று. பொறுமைசாலியான மேற்பார்வையாளர், எடுத்ததற்கெல்லாம் கோபப்படுகிறவராக, எந்தத் திட்டத்திலும் நிலைக்காதவராக மாறினார் என்று அவருடைய மருத்துவர் பதிவு செய்தார். பாடநூல்கள் இந்த இடத்தில் கதையை நிறுத்திவிடும்.

கதை அதோடு முடியவில்லை. கேஜ் 1852இல் தென்னமெரிக்காவின் சிலி நாட்டுக்குப் போனார். அங்கே பல ஆண்டுகள் குதிரைகள் பூட்டிய பயணிகள் வண்டியை ஓட்டினார். விடியுமுன் எழ வேண்டும், குதிரைகளைப் பேண வேண்டும், பயணிகளிடம் பேச வேண்டும், கரடுமுரடான பாதையில் நாள்தோறும் வண்டியைச் செலுத்த வேண்டும். எதையும் தொடர்ந்து செய்யாத மனிதனால் முடிகிற வேலை இது இல்லை. கேஜின் வாழ்க்கையை ஆராய்ந்த மால்கம் மக்மில்லன் இதை அழுத்திச் சொல்கிறார்: பிற்காலத்தில் கேஜ் பெருமளவு தேறியிருக்க வேண்டும், அதற்கு அந்த வேலையின் ஒழுங்கே உதவியிருக்க வேண்டும். இன்ன நேரத்துக்கு இன்னது, அதற்கடுத்து இன்னது என்று வேலையே சொல்லிக்கொண்டிருந்தது. முன்மூளை செய்ய வேண்டிய திட்டமிடலை வெளியிலிருந்த அன்றாட முறை செய்து கொடுத்தது.

இருசக்கர வாகன விபத்தில் தலையில் அடிபட்டுப் பிழைத்த இளைஞர்கள் நம்மிடையே ஏராளம். எலும்பு கூடிவிடும், தையல் ஆறிவிடும், தலைமுடி வளர்ந்து தழும்பை மறைத்துவிடும். பார்க்க நன்றாக இருக்கிறான். ஆனால் காலையில் எழுப்பினால்தான் எழுகிறான், குளி என்றால்தான் குளிக்கிறான், சொல்லாவிட்டால் சாயங்காலம் வரை அப்படியே உட்கார்ந்திருக்கிறான். வீட்டில் 'சோம்பேறி ஆயிட்டான்' என்கிறார்கள். இது சோம்பல் இல்லை. ஒரு செயலைத் தொடங்கிவைக்கும் வேலையைச் செய்வது முன்மூளையின் உட்புறப் பகுதிகள். அவை சேதமடைந்தால் ஆசை இருந்தாலும் தொடக்கம் வராது. திட்டினால் தொடக்கம் வந்துவிடாது. நேரத்துக்கு ஒலிக்கும் ஒரு அலாரம், சுவரில் பெரிய எழுத்தில் அன்றைய வேலைகள், தினமும் ஒரே வரிசையில் நடக்கும் காலைப்பொழுது ஆகியவை வரவழைக்கும்.

கூடவே களைப்பும் இருக்கிறது. அடிபட்ட மூளைக்குச் சாதாரண உரையாடலே கடும் உழைப்பு. கல்யாண வீட்டில் மேளச் சத்தம், நாலு பேர் ஒரே நேரத்தில் பேசுவது, டியூப்லைட் வெளிச்சம் என ஒரு மணி நேரத்தில் அவன் முகம் வாடிப்போகும், எரிந்து விழுவான். நல்ல தூக்கம், இடையிடையே இருட்டறையில் ஓய்வு, ஒரு நேரத்தில் ஒரு வேலை. இதைச் சலுகையாக எண்ண வேண்டாம். காலொடிந்தவருக்கு ஊன்றுகோல் எப்படியோ அப்படித் தேவையானது.

நினைவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். மூளையின் ஆற்றல்கள் படிப்படியாகக் குறையும் டிமென்ஷியா என்றதும் எல்லாரும் அஞ்சுவது மறதியைத்தான்.

1911இல் எதுவார் கிளாபரேத் என்ற ஜெனிவா மருத்துவர் தன் நோயாளி ஒருவரைப் பற்றி எழுதினார். அந்தப் பெண்ணால் புதிய எதையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாது. மருத்துவரை ஒவ்வொரு முறையும் புதிதாய்ப் பார்ப்பதுபோலவே பார்ப்பார். ஒருநாள் கிளாபரேத் விரல்களுக்கிடையே ஒரு குண்டூசியை மறைத்துக்கொண்டு அவரோடு கைகுலுக்கினார். ஊசி குத்தியது. சற்று நேரத்தில் அந்த நிகழ்ச்சியே அவருக்கு மறந்துபோனது. ஆனால் மருத்துவர் மறுபடி கையை நீட்டியபோது அந்தப் பெண் தன் கையை இழுத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டால் காரணம் சொல்லத் தெரியவில்லை. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இப்படியொரு சோதனையை அனுமதிக்காது. ஆனால் அன்று தெரியவந்த உண்மை பெரிது. நடந்ததைச் சொல்லத் தெரிந்த நினைவு வேறு, நடந்ததன் வலியை வைத்திருக்கும் நினைவு வேறு.

பின்வந்த ஆராய்ச்சி இந்தப் பிரிவுகளைத் தெளிவாக்கியது. இன்று காலை என்ன சாப்பிட்டோம், நேற்று யார் வந்தார்கள் போன்ற நிகழ்ச்சிகளைப் பதியவைப்பது பொட்டுப்பகுதிக்கு உட்புறம் உள்ள ஹிப்போகாம்பஸ். டிமென்ஷியாவின் ஒரு வகையான அல்சைமர் நோய் பெரும்பாலும் அங்கேயும் அதன் அண்டைப் பகுதியிலும்தான் முதலில் கை வைக்கிறது. பூக்கட்டுவது, சைக்கிள் ஓட்டுவது போன்ற கைப்பழக்கங்கள் சிறுமூளையையும் மூளையின் அடித்தள நரம்பணுத் திரள்களையும் சார்ந்தவை. அவை வெகுகாலம் தாக்குப்பிடிக்கும். தேதி தெரியாத பாட்டி, மல்லிகைச் சரத்தைத் தொடுக்கக் கொடுத்தால் விரல் பிசகாமல் தொடுத்துவிடுவார். அச்சம், பாசம் போன்ற உணர்ச்சிப் பதிவுகளில் அமிக்டலா என்ற மூளைப்பகுதி முக்கியப் பங்கு வகிக்கிறது.

அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஓர் ஆய்வை, டிமென்ஷியா உள்ளவரோடு வாழும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகமான திரைப்படக் காட்சிகளும், வேறொரு நேரத்தில் மகிழ்ச்சியான காட்சிகளும் காட்டினார்கள். சில நிமிடங்கள் கழித்து என்ன பார்த்தீர்கள் என்று கேட்டபோது அவர்களுக்கு ஏறக்குறைய எதுவும் நினைவில்லை. ஆனால் சோகம் அப்படியே இருந்தது. மகிழ்ச்சியும் இருந்தது. காட்சிகளை எவ்வளவுக்கு அதிகமாக மறந்திருந்தார்களோ, அவ்வளவுக்குச் சோகம் நீடித்தது. இதற்குக் காரணத்தை ஊகிக்கலாம். எனக்கு ஏன் மனசு சரியில்லை என்று தெரிந்தால் 'அது வெறும் படம்தானே' என்று தேறிக்கொள்ளலாம். காரணமே மறந்துபோனவருக்கு அந்த வழி இல்லை.

காலையில் நீங்கள் எரிந்து விழுந்ததை அம்மா மறந்துவிடுவார் என்பது உண்மைதான். அது உண்டாக்கிய கலக்கம் மத்தியானம் வரை அவரிடம் இருக்கும். அதேபோல், பேரன் வந்து கையைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனால், 'பேரன் வந்தானா?' என்ற கேள்விக்கு 'எவன் வந்தான்?' என்றே பதில் வரும். ஆனால் அந்த அரைமணி வீணாகவில்லை. 'போனாலும் அவங்களுக்கு ஞாபகம் இருக்கவா போகுது' என்று சொல்லிப் போகாமல் விட்டவர்கள் இந்த ஆய்வைப் படித்துவிட்டு முடிவெடுக்க வேண்டும்.

நம் வீடுகளில் நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் கேட்கும் ஒரு கேள்வி உண்டு. 'என்னை யாருன்னு தெரியுதா? சொல்லுங்க பாப்போம்.' அன்பாகத்தான் கேட்கிறார்கள். பெரியவர் முகத்தை உற்றுப் பார்ப்பார். சுற்றியிருப்பவர்கள் எல்லாரும் காத்திருப்பார்கள். 'நம்ம... மூத்தவன்?' என்பார். 'இல்லையே, நல்லா பாருங்க.' இன்னொரு பெயர். அதுவும் தவறு. கடைசியில் யாராவது சரியான பெயரைச் சொல்வார்கள்.

இந்தப் பரீட்சை அவமானப்படுத்துவதோடு நிற்பதில்லை. கற்றலையும் கெடுக்கிறது. பிரிட்டனைச் சேர்ந்த உளவியலாளர்கள் ஆலன் பேட்லி, பார்பரா வில்சன் இருவரும் 1994இல் இதைக் காட்டினார்கள். நாம் தவறு செய்தால், 'அப்போது தப்பாகச் சொன்னேன்' என்பது நிகழ்ச்சியாகப் பதிந்து அடுத்த முறை நம்மைத் திருத்துகிறது. நினைவிழப்பு உள்ளவருக்கு அந்தத் திருத்தம் பதிவதில்லை. பதிவது, தன் வாயால் சொன்ன பதில் மட்டுமே. கால் பட்ட தடம் ஒற்றையடிப் பாதையாவதுபோல், ஒருமுறை சொன்ன தவறு அடுத்த முறை இன்னும் எளிதாக வாயில் வரும். எனவே தவறுக்கு இடமே கொடுக்காமல் சரியானதை முதலில் நாமே சொல்லிவிட்டு, பிறகு அவரைச் சொல்லவைப்பது நல்லது. 'அப்பா, நான் செல்வி, உங்க ரெண்டாவது பொண்ணு.' உடனே ஒருமுறை. அரை நிமிடம் கழித்து ஒருமுறை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், நான்கு நிமிடம் என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போவது கேமரன் கேம்ப் என்ற அமெரிக்க உளவியலாளர் டிமென்ஷியா உள்ளவர்களிடம் பரவலாக்கிய பயிற்சி முறை. மூக்குக் கண்ணாடியை எங்கே வைப்பது, எழுந்து நிற்குமுன் வாக்கரைப் பிடிப்பது போன்ற, நாளெல்லாம் பயன்படும் ஒன்றிரண்டு விஷயங்களுக்கு இதைச் செலவிடுவதே சரி. பிரதமர் பெயரைக் கற்றுக்கொடுத்து என்ன ஆகப்போகிறது?

பயன்படுவதைத் தேர்ந்தெடுப்பது என்ற இந்தக் கொள்கையைப் பெரிய அளவில் சோதித்திருக்கிறார்கள். பிரிட்டனில் லிண்டா கிளேர் தலைமையில் நடந்த ஆய்வில், ஆரம்ப நிலை டிமென்ஷியா உள்ள 475 பேர் பங்கேற்றார்கள். அவர்களில் பாதிப் பேருக்குப் பயிற்சியாளர் வீட்டுக்கே வந்தார். என்ன செய்ய ஆசை என்று நோயாளியையே கேட்டு, அதை மட்டும் இலக்காக வைத்துப் பழக்கினார். செல்பேசியைப் பயன்படுத்துவது, அடுப்பில் வைத்ததைக் கருகாமல் சமைப்பது மாதிரியான இலக்குகள். 2019இல் வெளியான முடிவுகளில், தேர்ந்தெடுத்த செயல்களில் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. பொதுவான நினைவாற்றல் சோதனைகளில் அப்படி எதுவும் இல்லை. நோய் அப்படியே இருக்க, வாழ்க்கை ஒரு படி மேலேறியது.

நினைவை வெளியே எடுத்து வைப்பது இன்னொரு வழி. கலிஃபோர்னியாவில் தலைக்காயம் பட்ட மகனின் தந்தையான ஒரு பொறியாளர், நரம்பு உளவியலாளர் ஒருவருடன் சேர்ந்து பேஜரைக் கொண்டு ஒரு நினைவூட்டும் முறையை உருவாக்கினார். குறித்த நேரத்தில் இடுப்பில் உள்ள கருவி அதிரும், 'மாத்திரை சாப்பிடவும்' என்று வரும். அதை பார்பரா வில்சன் குழு மூளைக்காயம் உள்ள 143 பேரிடம் சோதித்து 2001இல் முடிவை வெளியிட்டது. முழுமையாகப் பங்கேற்றவர்களில் 80 சதவீதத்துக்கு மேற்பட்டோர் அன்றாடக் காரியங்களில் தெளிவாக முன்னேறினார்கள். அன்றைக்கு அதற்கென்று தனிக் கருவி தேவைப்பட்டது. இன்று அதைவிடத் திறமையான கருவி எல்லார் சட்டைப் பையிலும் இருக்கிறது. நோயாளியின் பையில் இருப்பதை மட்டும் 'இவருக்கு எதுக்கு போன்' என்று முதலில் வாங்கி வைத்துவிடுகிறோம்.

இதையெல்லாம் தன் வாழ்க்கையிலேயே செய்து காட்டியவர் வெண்டி மிட்செல். பிரிட்டனின் தேசியச் சுகாதாரச் சேவையில் 20 ஆண்டுகள் வேலை பார்த்தவர். எந்த ஊழியருக்கு எந்த நேரத்தில் வேலை என்பதை எல்லாம் மனத்திலேயே வைத்திருந்தவர் என்று பெயர் பெற்றவர். 2014 ஜூலையில், 58 வயதில், டிமென்ஷியா என்று தெரிந்தது. தனியாக வாழ்ந்தார். மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் ஐபேடில் அலாரம் வைத்துக்கொண்டார். பேசும்போது சொற்கள் நழுவின. தட்டச்சு செய்யும்போது தெளிவாக வந்தன. ஸஸெட்ஸ்கியின் கையைப் போலவே இவருடைய விரல்களும் திறந்திருந்த பாதையில் போயின. இல்லாத ஒன்று கண்ணுக்குத் தெரிந்தால் ஐபேடில் படம் எடுத்துப் பார்ப்பார். படத்தில் அது இல்லையென்றால் அது மூளையின் வேலை என்று தேறிக்கொள்வார். ஒரு எழுத்தாளரின் துணையோடு மூன்று புத்தகங்கள் வெளியிட்டார். நோய் கண்டறியப்பட்டபோது ஆலோசனை சொன்னவர்களெல்லாம் முடிவைப் பற்றியே பேசினார்கள், நடுவில் வாழ வேண்டிய ஆண்டுகளைப் பற்றி யாரும் பேசவில்லை என்பது அவருடைய பெருங்குறை. தன்னைப் பற்றிய எந்த முடிவும் தன்னைக் கேட்டே எடுக்கப்பட வேண்டும் என்று, 2024 பிப்ரவரியில் மறையும் வரை வலியுறுத்தினார்.

அவருக்கு முன்பே ஆஸ்திரேலியாவின் கிறிஸ்டீன் பிரைடன் இந்தக் குரலை எழுப்பியிருந்தார். 1995இல், 46 வயதில், அரசின் உயர் பதவியில் இருந்தபோது அவருக்கு டிமென்ஷியா கண்டறியப்பட்டது. 2003இல் உலக அல்சைமர் சங்கங்களின் கூட்டமைப்பில் நிர்வாகக் குழுவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். டிமென்ஷியாவோடு வாழும் ஒருவர் அந்தக் குழுவில் இடம்பெற்றது அதுவே முதல் முறை.

சூழலை மாற்றுவதில் மிகச் சிறிய மாற்றமும் பலன் தரும். அல்சைமர் நோயில் கண் நன்றாக இருந்தாலும் மூளையின் பார்வைப் பகுதிகள் நிறபேதத்தையும் ஆழத்தையும் பிரித்தறிவதில் தடுமாறும். வாசலில் கிடக்கும் கறுப்பு மிதியடி பள்ளமாகத் தெரியும். அதைத் தாண்ட மறுத்து நிற்பவரைப் பிடிவாதக்காரர் என்கிறோம். பளபளக்கும் டைல்ஸ் தரை தண்ணீர் தேங்கியதுபோல் இருக்கும். பாஸ்டன் ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்ட ஒரு சிறு ஆய்வில், முற்றிய நிலையில் இருந்த ஒன்பது பேருக்கு வெள்ளைத் தட்டுக்குப் பதிலாக அடர் சிவப்புத் தட்டில் உணவு கொடுத்தார்கள். உண்ணும் அளவு 25 சதவீதம் கூடியது. பங்கேற்றவர்கள் குறைவுதான், ஆனால் நம் வீட்டில் செய்து பார்க்கச் செலவு ஏதுமில்லை. மின்னும் எவர்சில்வர் தட்டில் வெள்ளைச் சோறும் அதன்மேல் தயிரும் இருந்தால் அவருக்கு என்ன தெரியும்? வாழை இலையில் போட்டுப் பாருங்கள். கழிவறைக் கதவுக்கு மட்டும் அடர்நிறப் பெயின்ட் அடியுங்கள். இரவில் அங்கே ஒரு விளக்கு எரியட்டும்.

பொருள்களை மாற்றுவதைவிடக் கடினமானது நம் பேச்சை மாற்றுவது. பிரிட்டனின் பிராட்ஃபோர்டைச் சேர்ந்த உளவியலாளர் டாம் கிட்வுட் 1997இல் வெளியிட்ட நூலில், டிமென்ஷியா உள்ளவரின் நிலை மூளைச் சேதத்தால் மட்டும் தீர்மானமாவதில்லை, சுற்றியிருப்பவர்கள் அவரை நடத்தும் விதமும் அதில் சேர்கிறது என்று வாதிட்டார். அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றிப் பேசுவது, அவசரப்படுத்துவது, குழந்தைபோல் நடத்துவது, அவர் செய்துகொண்டிருக்கும் வேலையைப் பிடுங்கி நாமே முடிப்பது ஆகியவற்றை அவர் வரிசையாகப் பட்டியலிட்டார். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை, இருந்தும் சேதம் நடக்கிறது என்பது அவர் கருத்து. 'சின்னப்பிள்ளை மாதிரி ஆயிட்டாங்க' என்று நாம் சொல்வதில் பாசம் இருக்கலாம். ஆனால் எழுபது வருடம் குடும்பம் நடத்திய ஒருவரை அந்த வார்த்தை அறையின் மூலைக்குத் தள்ளிவிடுகிறது. வெங்காயம் உரிக்கத் தெரிந்தால் உரிக்கட்டும். தோல் கொஞ்சம் ஒட்டியிருந்தால் என்ன?

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு எச்சரிக்கை. மறதியும் தடுமாற்றமும் கண்டவுடனே 'வயசானா அப்படித்தான்' என்று விட்டுவிடக் கூடாது. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு குறைபாடு, மனச்சோர்வு, சில மாத்திரைகள், எப்போதோ விழுந்ததில் மூளையின் மேல் மெல்லக் கசிந்து கட்டிய ரத்தம் ஆகிய எல்லாம் டிமென்ஷியாபோல் காட்டும், சிகிச்சை உண்டு. இரண்டொரு நாளில் திடீரென்று குழப்பம் கூடினால் அது பெரும்பாலும் நோய் முற்றியதால் இருக்காது. சிறுநீர்த் தொற்று, நீர் வற்றிப்போவது, மலச்சிக்கல், சொல்லத் தெரியாத வலி ஆகியவற்றில் ஒன்றாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பார்த்துக்கொள்பவரைப் பற்றிப் பேசாமல் இந்த அத்தியாயம் முழுமையாகாது. அல்சைமர் போன்ற நோய்கள் முற்றிக்கொண்டே போகும். இன்று திறந்திருக்கும் பாதை அடுத்த ஆண்டு அடைபடலாம். இரவில் தூங்காமல் எழுந்து கதவைத் திறப்பவர், கட்டிய மனைவியையே திருடி என்பவர், குளிக்க மறுத்து அடிப்பவர்: இவர்களோடு இருப்பவரின் உடலும் மனமும் தேய்கின்றன. 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வொன்று, இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாகக் கணித்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோரைக் கவனிப்பது வீட்டுப் பெண்கள். மனைவி, மகள், மருமகள்.

வளரும் நாடுகளில் இந்நோயை ஆராயும் '10/66' என்ற பன்னாட்டுக் குழு உருவானது கொச்சியில், 1998இல். உலக டிமென்ஷியா நோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருக்க, ஆராய்ச்சியில் 10 சதவீதம்கூட அவர்களைப் பற்றி நடப்பதில்லை என்ற கணக்கே அந்தப் பெயராயிற்று. சென்னையிலும் வேலூர் கிராமங்களிலும் அந்தக் குழுவின் ஆய்வுகள் நடந்தன. கூட்டுக்குடும்பம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்ற நம் நம்பிக்கையை இத்தகைய ஆய்வுகள் அசைத்துவிட்டன. பல பேர் இருக்கும் வீட்டிலும் சுமை ஒருவர் தோளிலேயே விழுகிறது.

அந்தச் சுமையைக் குறைக்க முடியும் என்பதற்கும் நம் நாட்டிலேயே சான்று உண்டு. கோவாவில் 81 குடும்பங்களோடு நடந்த, 2008இல் வெளியான ஆய்வில், குறுகிய காலப் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள் வீடுகளுக்குப் போனார்கள். நோய் என்ன என்று விளக்கினார்கள், தொல்லை தரும் நடத்தைகளைச் சமாளிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள், பார்த்துக்கொள்பவர் பேசியதைக் காது கொடுத்துக் கேட்டார்கள், தேவைப்பட்டால் மருத்துவரோடு இணைத்தார்கள். ஆறு மாதத்தில் பார்த்துக்கொள்பவர்களின் மனநலம் தெளிவாக மேம்பட்டது. பெரிய கருவியோ விலையுயர்ந்த மருந்தோ இதில் இல்லை. இதை ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்தும் நடத்தலாம், நடத்த வேண்டும்.

அது வரும்வரை உறவினர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் சொந்தத்தில் இப்படியொரு வீடு இருந்தால் 'எப்படி இருக்காங்க?' என்று போனில் கேட்பதோடு நிறுத்தாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் போய், 'அண்ணி, நீங்க வெளிய போயிட்டு வாங்க, சாயங்காலம் வரைக்கும் மாமாவை நான் பாத்துக்கறேன்' என்று சொல்லுங்கள். அடுத்த மாதமும் போங்கள்.